பதினோராம் அத்தியாயம் வரை வந்தாயிற்று

நேற்று ராத்திரி குறுநாவலின் பதினோராம் அத்தியாயத்தை முடித்தேன். மொத்தம் 14,200 சொற்கள். இதற்கு முன்னால் நான் எழுதியதிலேயே நீளமானது 2,800 சொல்லில் ஒரு சிறுகதைதான். இதே கதையை 2019இலிருந்து மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் நாலாவது அத்தியாயத்தில் நின்றுபோயிருக்கிறேன். அதனால் இன்றைக்கு மனசு நிறைந்திருக்கிறது, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

கதை கோவில்பட்டி பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நடக்கிறது (எங்கள் ஊரில் ஃபாக்டரி என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான்). கட்டை அடுக்கும் (தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகும் வேலை) பேச்சியம்மா, அவள் வாங்கிய முன்பணம், அவள் மகள். முதல் மூன்று தடவையும் கதை நின்றபோது ஆள் போதவில்லை, சம்பவம் போதவில்லை என்று நினைத்து ஒரு லாரி டிரைவர், ஒரு சித்தப்பா, ஒரு காதல் என்று சேர்த்துக்கொண்டே போனேன். சேர்க்கச் சேர்க்கக் கனம்தான் கூடியது, கதை நகரவில்லை.

போன தையில் பழைய பிரதிகளை எடுத்து வைத்து சத்தமாக வாசித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு அத்தியாயமும் சிறுகதை மாதிரி முடிகிறது! இரண்டாம் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சியம்மா கணக்கப்பிள்ளையிடம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து விளக்கேற்றப் போகிறாள், குச்சி நமத்துப்போயிருக்கிறது, பற்றாமல் உதிர்கிறது. சிறுகதைக்கு நல்ல முடிவு, எனக்கு ரொம்பப் பிடித்த வரியும் அதுதான். ஆனால் அங்கேயே வாசிப்பவர் மூச்சை விட்டுவிடுகிறார், நானும் விட்டுவிடுகிறேன், மூன்றாம் அத்தியாயம் எழுத ஒரு காரணமும் மிச்சமில்லை. அந்தப் பத்தியை அப்படியே வெட்டினேன். இப்போது கணக்கப்பிள்ளை "ஜாமீனுக்கு யாரு கையெழுத்துப் போடுவா?" என்று கேட்கிறார், "எம் மவ போடுவா" என்கிறாள், அத்தியாயம் அதோடு சரி. மகளுக்கு விஷயமே தெரியாது. அடுத்த அத்தியாயத்தை அன்று ராத்திரியே எழுதினேன்.

இதை விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பேரேடு போட்டிருக்கிறேன், கடைக்காரர்கள் வைத்திருக்கும் அதே நீள நோட்டு. இடப்பக்கம் பற்று: அந்த அத்தியாயத்தில் தீராமல் விட்டது என்ன. வலப்பக்கம் வரவு: அது எந்த அத்தியாயத்தில் தீர்ந்தது. எந்த அத்தியாயத்தை முடித்தாலும் பற்றில் ஒரு வரியாவது புதிதாக ஏற வேண்டும், வரவில் ஒன்றுக்கு மேல் ஏறக்கூடாது. ஏழாம் அத்தியாயத்தில் இதை மீறினேன். கணக்கப்பிள்ளையைச் சாகடித்ததில் மூன்று வரி ஒரேயடியாகத் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஒரு வரி எழுத முடியவில்லை. சாவைப் பதிமூன்றாவதுக்குத் தள்ளி வைத்தேன், மறுநாளே கை ஓடியது. நோட்டு சாத்தூர் பஜாரில் வாங்கியது, தாள் மட்டம், மை பேனாவில் எழுதினால் பின்பக்கம் ஊறிவிடுகிறது, பால்பாயிண்ட்தான் சரி.

சொல் கணக்கு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 சொல் நாவல் எழுதச் சொன்ன நானோரைமோ என்ற ஆங்கில இணையச் சவாலின் அளவை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து மனம் உடைந்துபோகாதீர்கள். "வந்துகொண்டிருந்தவளிடம்" என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு வேண்டும். நான் இப்போது காட்சியைத்தான் எண்ணுகிறேன், ஒரு நாளைக்கு ஒரு காட்சி.

கதை நடக்கும் காலம் எதுவென்று பிடிபட்டதும் பெரிய உதவி. தீப்பெட்டி விலை 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆனது 2007இல், 2 ரூபாய் ஆனது 2021 டிசம்பரில். நடுவில் பதினாலு வருஷம் அட்டை, மெழுகு, பாஸ்பரஸ், குளோரேட் எல்லாம் ஏறுகிறது, பெட்டி மட்டும் அதே ஒரு ரூபாய். அந்த நெருக்கடி எங்கே வந்து இறங்கும்? அடுக்குகிறவள் கூலியில்தான். முன்பு என் கதை எல்லாமே ஒரு நாளில் நடந்து முடியும், இதில் பேச்சியம்மாவுக்கு வயசாகிறது, அதை எழுதுவது எனக்குப் புது அனுபவம்.

அம்மா முப்பது வருஷம் கட்டை அடுக்கியவள். ராத்திரி எழுதியதைக் காலையில் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். சட்டத்தில் குச்சி அடுக்கும் வேகத்தை இரண்டு இடத்தில் திருத்தினாள். மற்றபடி ஒரே கேள்விதான்: "ஏலே, அவ கடன் தீந்துச்சா இல்லயா?"

இன்னும் ஐந்து அத்தியாயம் பாக்கி. ஆனால் மனசு அதற்குள் அடுத்ததற்குத் தாவுகிறது. தீப்பெட்டிக்குப் போட்டியாக வந்த, 20 ரூபாய்க்குக் கீழே உள்ள சிகரெட் லைட்டர் இறக்குமதியை 2023இல் தடை செய்தார்களே, அதிலிருந்து மகளின் கதையைத் தனியாகத் தொடங்கலாமா என்று பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே நாலு வரி பற்று எழுதிவிட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயம் ஐப்பசி மழை, குச்சி காயவில்லை, ஆபீஸுக்கு லீவு விட்டிருக்கிறார்கள். மருந்து முக்குகிற இடம் அடைமழையில் எப்படி இருக்கும் என்று மாமாவிடம் கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.