கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்

"அங்கேயே அடக்கம் பண்ணிரச் சொன்னா என்ன, அண்ணாச்சி?" என்று சவூதிக்கு வேலைக்குப் போன புருஷனை மாரடைப்பில் பறிகொடுத்திருந்த அந்தப் பிள்ளை கேட்டது.

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டியளாம்மா?" என்றேன்.

அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வியை அது எடுக்கவே இல்லை.

டிக்கெட், பாஸ்போர்ட் வேலையோடு இந்த வேலையும் என் தலையில் விழுந்து பல வருஷமாகிறது. தம்மாம், ரியாத் பக்கம் யாராவது தவறிவிட்டால் கூடத் தங்கியிருந்தவன் போன் அடிக்கிறான். அப்புறம் பேப்பர்தான். மருத்துவமனை ரிப்போர்ட், போலீஸ் கடிதம், நம் தூதரகத்தின் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, இறப்புச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, நாட்டை விட்டு அனுப்ப எக்ஸிட் அனுமதி, உடல் கெடாமல் பதப்படுத்தும் எம்பாமிங், கார்கோ புக்கிங். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். இதெல்லாம் நகர வேண்டுமானால் இங்கிருந்து வாரிசின் சம்மதக் கடிதம் போக வேண்டும், நோட்டரி முத்திரையோடு. உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்பதை அதில் எழுதியாக வேண்டும். கல்யாணமானவர் என்றால் மனைவியின் கையெழுத்தைத்தான் கேட்கிறார்கள். சொத்து என்று வந்தால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு. இந்தக் கடிதத்தில் மட்டும் மாமியாருக்கு இடம் கிடையாது.

அப்படியிருக்க நான் ஏன் அத்தையை இழுத்தேன்?

வந்த கேள்வி லேசானது இல்லை. சவூதியில் தகனம் கிடையாது, இந்துவானாலும் மண்ணுக்குள்தான். இந்த வீட்டிலோ எரிக்கிற வழக்கம். பின்னாளில் ஒருநாள் சண்டை வந்தால், "எம் புள்ளைய அநாதையா மண்ணுல போட்டு மூடச் சொன்னவ" என்ற பேச்சு ஆயுசுக்கும் அந்தப் பிள்ளையைத் துரத்தும். அதே வீட்டில்தான் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது இருந்தாக வேண்டும். காகிதம் ஒன்று சொல்லும், வீடு வேறொன்று சொல்லும். நான் வீட்டை யோசித்தேன். இதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளை காரணம் இல்லாமல் கேட்கவில்லை. அன்றைக்கே, "பிள்ளையளுக்கு வீடியோ கால்ல பாத்த முகந்தான் தெரியும், அண்ணாச்சி. பெட்டியத் தொறக்கும்போது வேற மாதிரி இருந்தா?" என்றது. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. எம்பாமிங் செய்திருந்தாலும் வாரக்கணக்கில் குளிரில் கிடந்த முகம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. திறக்காமலே காரியம் செய்த வீடுகளும் உண்டு. அதைச் சொல்லியிருந்தால் அது அங்கேயே கையெழுத்துப் போட்டிருக்கும். ஒருவேளை அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

அத்தைக்காரி வந்தார். உட்காரவில்லை. "அங்கன எரிக்கவும் மாட்டானுவளாமே? கம்பெனிக்காரன் துட்டு மிச்சம் பிடிக்கப் பாக்கானா?" என்றுதான் ஆரம்பித்தார். அதற்கு மட்டும் நன்றாகப் பதில் சொன்னேன். சவூதி தொழிலாளர் சட்டம் 40ஆம் பிரிவுப்படி உடலை ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. எங்கே அடக்கமானாலும் சேர வேண்டிய பாக்கிப் பணம் தனிக் கணக்கு, அதை வாங்க பவர் பத்திரமும் தனி. மாரடைப்பு என்பதால் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான காப்பீடான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் பத்து லட்சம் வராது, அது விபத்துக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் பேசுவது எவ்வளவு சௌகரியம்! மருமகள் பக்கத்து நாற்காலியில் பேனாவைப் பிடித்தபடி இருந்தது. எதை எழுதட்டும் என்று நான் கேட்டது அத்தையைப் பார்த்துத்தான்.

வாரங்கள் போயின. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனுவும் கொடுத்தார்கள். கடைசியில் உடல் திருவனந்தபுரத்துக்கு வந்து, அங்கிருந்து ஆரல்வாய்மொழி வழியாக ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறந்தார்களாம், பையன்தான் கொள்ளி வைத்தானாம். நான் போகவில்லை. இந்த வேலையில் இருக்கிறவன் எல்லாச் சாவுக்கும் போக முடியாது என்பது நான் வைத்திருக்கும் சமாதானம்.

பாக்கிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட வந்தபோது அந்தப் பிள்ளை என்னிடம் கோபமாகவும் இல்லை, நன்றியாகவும் இல்லை. "எங்கன போடணும், அண்ணாச்சி?" என்றது, போட்டது. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது புரிந்திருக்கும். உடல் வராமல் போயிருந்தால் அந்த அம்மா என்ன ஆகியிருப்பார் என்றும் தோன்றுகிறது. மகனின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று கேட்கும் தாயிடம் 'உங்களுக்கு உரிமை இல்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? அதை என் வாயால் சொல்ல வராது. சரி, அவருக்கு உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மனைவியின் கையெழுத்துக்கு என்ன பொருள்?

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு வேலை சொல்லித்தரும்போது, "கையெழுத்துப் போடுறவங்கள முதல்ல தனியா உக்கார வச்சுக் கேளு, மத்தவங்க வெளியில நிக்கட்டும்" என்கிறேன். அந்தச் சங்கதி அவனுக்கும் தெரியும். "அப்போ நீங்க அப்படிச் செய்யலியே, அண்ணாச்சி?" என்று கேட்டான். அது வேற வீடுடா என்றேன். எப்படி வேற என்று அவன் விடாமல் கேட்டான். டீ சொல்லிவிட்டு வா என்று அனுப்பிவிட்டேன்.