கூழாங்கல் கள்ளன்

"அண்ணே, இங்க பாருங்க, எப்படி நைசாத் தூக்குதுன்னு!"

கேரள எல்லையில் வாளையாறு டீக்கடை. வெளியே லாரி வரிசை நகரவே இல்லை. கிளீனர் பையனின் போனில் பென்குயின் வீடியோ. டிரைவர் அண்ணன், கடைக்காரச் சேட்டன், நான் என்று மூன்று தலைகள் அதற்குள்.

அடேலி பென்குயின். அண்டார்டிகாவில் கூடு கட்டச் சுள்ளிக்கு எங்கே போவது? கூழாங்கல்தான். பனி உருகி ஓடும் தண்ணீரில் முட்டை நனையாமல் இருக்க மேடு வேண்டும். அதனால் கல்லுக்கு ஏக கிராக்கி. பக்கத்துக் கூட்டுக்காரர் முகத்தைத் திருப்பினால் போதும், ஒரு கல் காலி.

எனக்குப் பிடித்தது திருட்டு இல்லை, அப்புறம் வரும் அந்த நடை. கல்லை அலகில் கவ்விக்கொண்டு, பந்தியை மேற்பார்வை பார்க்கும் தாய்மாமன் போல ஆடி ஆடி.

"கள்ளன் தன்னே!" என்றார் சேட்டன், ரொம்பப் பாசமாக.

முக்கால் மீட்டருக்கு மேல் உயரம் தேறாது. வரப்பைச் சாண் சாணாகத் தள்ளிப் போடுகிற ஆட்களை இந்தப் பக்கம் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் வராத சிரிப்பு இதன்மேல் மட்டும் ஏன் வருகிறதோ!

இத்தனைக்கும் அங்கே காவல் பலம். அம்மாவும் அப்பாவும் முறை வைத்து அடைகாக்கும். ஒன்று கடலுக்குப் போனால் மற்றது கூட்டில்.

ஆள் உட்கார்ந்திருக்கும்போதே வீட்டை உருவுகிறார்கள், அதுதான் தமாஷ்.