ஒன்றரை மனிதர்கள்

ஜூன் 3

இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சத்தின் 25ஆம் அத்தியாயத்தை இன்று மறுபடி வாசித்தேன். வேகமாகத் தாண்டிப் போய்விடுகிற இடத்தில் இந்த முறை நின்றேன்.

போர் முடிந்துவிட்டது. தமிழ் அரசன் எல்லாளன் இறந்துவிட்டான், தலைநகர் அனுராதபுரம் சிங்கள அரசன் துட்டகைமுனுவின் கையில். அரண்மனை மேல்மாடத்தில் வாசனை விளக்குகள், நாட்டியப் பெண்கள், மெத்தென்ற ஆசனம். அத்தனைக்கும் நடுவில் அரசனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. தன்னால் மாண்ட பெரும்படை நினைவுக்கு வந்து உறுத்துகிறது. பியங்குத் தீவிலிருந்து எட்டு அரகந்தர்கள், அதாவது ஞானம் எய்திய பிக்குகள், வான்வழியே வந்து தேற்றுகிறார்கள்: சொர்க்கத்துக்குப் போகும் உன் வழியில் இது தடை ஆகாது; நீ கொன்றது ஒன்றரை மனிதர்களைத்தான். புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன், அவன் அரை; பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்கங்களையும் ஏற்றிருந்தவன் இன்னொருவன், அவன் ஒன்று. மற்றவர்கள் பொய்நெறிக்காரர்கள், விலங்குகளுக்கு மேலாக மதிக்கத் தேவையில்லை.

அரசனுக்குக் குற்ற உணர்வு வந்ததே, அதுதான் தம்மம் அவனுக்குள் வேலை செய்த ஒரே நேரம். அதைத் துடைத்துவிடுவது துறவிகள். எனக்கு அரசன்மீது வருவதைவிட அந்த எட்டுப் பேர்மீதுதான் கோபம் வருகிறது. தினமும் 'சங்கம் சரணம் கச்சாமி', பிக்கு சங்கத்தைச் சரணடைகிறேன், என்று சொல்கிறவன் நான்.

ஜூன் 4

அதே அத்தியாயத்தின் கடைசியில் இன்னொன்று இருக்கிறது. சங்கத்துக்குக் கொடுக்காமல் எதையும் உண்பதில்லை என்பது அரசனின் விரதம். அதை எப்போதாவது மீறினேனா என்று யோசித்துப் பார்க்கிறான். ஒரு நாள் காலை உணவில் பிக்குகளுக்கு எடுத்து வைக்காமல் ஒரு மிளகுக் காயைத் தின்றுவிட்டது ஞாபகம் வருகிறது. அதற்குப் பரிகாரம் செய்தாக வேண்டும் என்று முடிவு செய்கிறான். 26ஆம் அத்தியாயம் முழுக்க அந்தப் பரிகாரம்தான்: மரிசவட்டி விகாரை. அனுராதபுரத்தில் மிரிசவெட்டிய என்ற பெயரில் அந்தத் தூபி இன்றும் நிற்கிறது.

மிளகுக்கு ஒரு பெரிய தூபி. செத்த மனிதர்களுக்கு எதுவும் இல்லை. எல்லாளனுக்கு மட்டும் உண்டு. அவன் உடலை எரித்த இடத்தில் அரசனே நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாட்டுக்கு ஆணையிட்டான். அந்தப் பக்கம் வரும்போது இளவரசர்கள் வாத்தியங்களை நிறுத்துவார்கள் என்றும் நூல் சொல்கிறது. 21ஆம் அத்தியாயத்தில் ஆராய்ச்சி மணி கட்டி, கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன் என்று எல்லாளனைப் புகழ்ந்ததும் இதே நூல்தான். நீதிமானாகப் போற்றிய ஒருவனின் வீரர்களை நான்கே அத்தியாயம் தள்ளி விலங்கு என்று எப்படி எழுத முடிந்தது?

ஜூன் 9

வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசினேன். மூத்தவர் ஒருவர், "தம்பி, அது பௌத்தமே இல்லை. அரசியல். விட்டுவிடு" என்றார். அம்பேத்கர் காட்டிய வழியில் தம்மத்துக்கு வந்த குடும்பம் அவருடையது. இங்கே சாதியில் அடிபட்டு வந்தவர்களுக்குப் புத்தர்தான் கைகொடுத்தார். அந்தப் பெயரில் கறை ஒட்டக்கூடாது என்று அவர் பதறுவது எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்தப் பதற்றம் உண்டு.

ஆனால் விட்டுவிட முடியவில்லை அய்யா. 2017 அக்டோபர் 30 அன்று மியன்மாரின் கயின் மாநிலத்தில், தண்டாவுங் இராணுவ முகாமில், அந்நாட்டின் செல்வாக்குள்ள மூத்த பிக்கு சீதகு சயாதோ அதிகாரிகளுக்கு உபதேசம் செய்தார். அன்று எடுத்துச் சொன்னது இந்தத் துட்டகைமுனு கதையைத்தான், இந்த ஒன்றரைக் கணக்கைத்தான். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மியன்மாரின் ரகைன் மாநிலத்திலிருந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியா முஸ்லிம்கள் இராணுவத்துக்குப் பயந்து வங்கதேசத்துக்கு ஓடி வந்திருந்தார்கள். சயாதோ தெருவில் கத்துகிற ஆள் இல்லை. பெரிய பாலி அறிஞர், 2008 நர்கீஸ் புயலில் டெல்டா மக்களுக்கு உதவி கொண்டுபோனவர். அதனால்தான் அதிகம் வலிக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு வருடம் பழைய ஒரு வாக்கியம் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் காதில் போய் விழுகிறது. அது பௌத்தம் இல்லை என்று இங்கே உட்கார்ந்து சொல்வதால் யாருக்கு என்ன பயன்?

2013இல் மியன்மாரின் மெய்க்திலா நகரில் பள்ளிவாசல்களும் வீடுகளும் எரிந்தபோது யூ விதுத்தா என்ற பிக்கு நூற்றுக்கணக்கான முஸ்லிம்களைத் தன் மடத்துக்குள் வைத்துக் காத்தார். வெளியே வந்து நின்ற கும்பலிடம் அவர்களை ஒப்படைக்க மறுத்துவிட்டார். அவரும் அதே பாலி நூல்களை ஓதி வளர்ந்தவர்தான்.

ஜூன் 14

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் யோதாஜீவ சுத்தம் என்று ஓர் உரை. ஒரு படைத்தலைவன் புத்தரிடம் வருகிறான். போரில் உயிரைக் கொடுத்துப் போராடிச் சாகிறவன் சொர்க்கம் போவான் என்று எங்கள் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். "வேண்டாம், அதைக் கேட்காதே" என்கிறார் புத்தர். மறுபடி கேட்கிறான், மறுபடி அதே பதில். மூன்றாம் தடவை கேட்டபோது சொல்கிறார்: இவர்கள் வெட்டுப்பட வேண்டும், அழிய வேண்டும் என்ற மனதோடு போரிட்டுச் சாகிறவனுக்கு நரகம்தான். சொர்க்கம் என்று நம்புவது தவறான பார்வை.

அந்த ஆள் அழுகிறான். "நீங்கள் சொன்னதற்காக அழவில்லை. இத்தனை காலம் பெரியவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று அழுகிறேன்" என்கிறான்.

கொலைக்குப் பின் ஆறுதல் தேடும் அரசனும் இவனும் ஒரே கேள்வியோடுதான் வந்தார்கள். புத்தர் மனம் வராமல் சொன்ன உண்மையை, அந்த எட்டுப் பேர் தயங்காமல் புரட்டிப் போட்டார்கள். வெளியாள் யாரும் வந்து கண்டிக்க வேண்டியதில்லை. நம் புனித நூலான பிடகத்திலேயே கண்டனம் இருக்கிறது.

ஜூன் 20

தன் குற்றத்தைப் பௌத்தம் தானே ஒப்புக்கொண்டதற்கு ஜப்பானில் ஒரு முன்மாதிரி உண்டு. உச்சியாமா குடோ ஹகோனேயில் ஒரு சிறு பௌத்தக் கோயிலின் துறவி, ஜென் பௌத்தத்தின் சோட்டோ பிரிவைச் சேர்ந்தவர். குத்தகை விவசாயிகளுக்காகவும், கட்டாய இராணுவ சேவைக்கு எதிராகவும் கோயிலுக்குள் ரகசியமாக அச்சிட்டார். 1909இல் கைது. 1910இல் சோட்டோ பிரிவு அவருடைய துறவுப் பட்டத்தைப் பறித்தது. பேரரசரைக் கொல்லச் சதி என்ற வழக்கில் 1911 ஜனவரி 24 அன்று தூக்கு. அப்புறம் அதே பிரிவு பேரரசின் போர்களுக்கெல்லாம் துணை நின்றது.

1992இல் சோட்டோ பிரிவு பாவமன்னிப்பு அறிக்கை வெளியிட்டது. ஆசிய மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. பொதுவாக வருந்துகிறோம் என்று நிறுத்தாமல், சமயப் பரப்பல் என்ற பெயரில் ஆக்கிரமிப்புக்குத் துணைபோனோம் என்று தன் குற்றத்தைத் தானே எடுத்துச் சொன்னது. அடுத்த வருடம் உச்சியாமாவின் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது. தாமதம்தான், எண்பது வருடத்துக்கும் மேல். ஆனாலும் எழுத்தில் இருக்கிறது. இனி யாரும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்த மாதிரி ஒரு காகிதத்துக்காகத்தான் நான் ஏங்குகிறேன், அனுராதபுரத்திலிருந்தும் மண்டலேயிலிருந்தும்.

ஜூன் 23

இங்கே படிக்க வந்திருக்கும் ஒரு சிங்கள இளம் பிக்குவிடம், அடுத்த பௌர்ணமிக்கு 25ஆம் அத்தியாயத்தையும் யோதாஜீவ சுத்தத்தையும் சேர்த்து வாசிக்கிறோம், வருவீர்களா பந்தே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 2013 மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயிலில் தொல்லியல் படிக்க வந்த இலங்கைப் பிக்கு ஒருவர் தாக்கப்பட்டாரே, அதையும் அன்று பேசலாமா என்றார். பேசித்தான் ஆக வேண்டும் என்றேன். முள்ளிவாய்க்காலின் வலி நியாயம். காவி கட்டியவன் என்பதற்காக ஒருவரை அடித்தது நியாயமே இல்லை.

வருகிறார். 25ஆம் அத்தியாயத்தைப் பாலியில் அவரே வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார், அந்த எட்டுப் பேர் சொன்ன வரிகள் உட்பட. மூத்தவரிடமும் சொல்லிவிட்டேன். "சரி, நானும் வருகிறேன். ஆனால் எனக்குப் பேச இடம் தர வேண்டும்" என்றிருக்கிறார்.