எந்தப் பெயரில் மாட்டுவது? பார்ட்டிசிபிள் பழுதுபார்ப்பில் ஒரு கட்டம்

"ரன்னிங் ஃபார் த பஸ், ஹிஸ் செப்பல் ஸ்னாப்ட்." கடைசிவரை மசியாமல் நின்றது இந்த வகை வாக்கியம்தான். மற்ற டேங்ளிங் பார்ட்டிசிபிள்கள், அதாவது எழுவாயோடு பொருந்தாமல் தொங்கும் ஆங்கில எச்சங்கள், ஒரே சோதனையில் சிக்கிவிடுகின்றன. இது மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. இப்போது பிடி கிடைத்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். வி-3 (வினையின் மூன்றாம் வடிவம்) பட்டியல், ஜெரண்டுக்கும் (பெயராக நிற்கும் இங் வடிவம்) பார்ட்டிசிபிளுக்கும் உள்ள வேறுபாடு எல்லாம் கைவந்தவர்களுக்கான குறிப்பு இது.

வழக்கமான சோதனை தெரிந்ததுதான். வாக்கியம் பார்ட்டிசிபிளில் தொடங்கினால் காற்புள்ளியில் நிறுத்தி "யார்?" என்று கேட்க வேண்டும். அடுத்து வரும் எழுவாயே விடையாக இருக்க வேண்டும். ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு அந்தத் தேள் மறந்திருக்காது: "ஸ்டாண்டிங் அட் த கேட், எ ஸ்கார்ப்பியன் ஸ்டங் ஹிம்." வாசலில் நின்றது யார்? வாக்கியப்படி தேள். ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கம், ஐந்தாம் காட்சியில் இறந்த மன்னரின் ஆவி சொல்வதும் இதே கதைதான்: "ஸ்லீப்பிங் இன் மை ஆர்ச்சர்ட், எ செர்பன்ட் ஸ்டங் மீ." தோட்டத்தில் தூங்கியவர் மன்னர், ஆனால் எழுவாய் இடத்தில் பாம்பு உட்கார்ந்திருக்கிறது. இந்த விதி இறுகியது பின்னாளில்தான். எனவே ஷேக்ஸ்பியரைக் குறை சொல்லவும் வேண்டாம், அவரைச் சாட்சிக்கு அழைத்து வேலை விண்ணப்பத்தில் இப்படி எழுதவும் வேண்டாம்.

பழுதுபார்க்க இரண்டு வழிகள் உண்டு. எழுவாயை மாற்றலாம்: "ஸ்டாண்டிங் அட் த கேட், ஹீ வாஸ் ஸ்டங் பை எ ஸ்கார்ப்பியன்." அல்லது பார்ட்டிசிபிளை முழு வாக்கியத் துண்டாக விரிக்கலாம்: "வென் ஹீ வாஸ் ஸ்டாண்டிங் அட் த கேட், எ ஸ்கார்ப்பியன் ஸ்டங் ஹிம்." முன்னால் ஒரு "வைல்" மட்டும் ஒட்டி "வைல் ஸ்டாண்டிங்" என்று எழுதிவிட்டால் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆகவில்லை. தேள் இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. எனக்கு அதுதான் வேகமாக வேலை செய்கிறது. வாக்கியத்தைத் தமிழுக்குத் திருப்பி, வருகிற எச்சம் எது என்று பார்க்க வேண்டும். "செய்துகொண்டே" வந்தால், ரன்னிங் போல, இங் ஈறு. "செய்யப்பட்டு" வந்தால் வி-3. "செய்து" வந்து, முதல் வேலை முடிந்த பிறகே அடுத்தது தொடங்குகிறது என்றால் ஹேவிங்கோடு வி-3. "ஓப்பனிங் த டோர், ஹீ வாக்ட் அவுட்" சரி, ஏனென்றால் இரண்டும் ஒரே மூச்சில் நடக்கின்றன. "ஸ்டடியிங் இன் திருச்சி ஃபார் ஃபைவ் இயர்ஸ், ஹீ மூவ்ட் டு சென்னை" உதைக்கும். ஐந்து வருடம் முடிந்த பிறகுதானே போனார், அங்கே "ஹேவிங் ஸ்டடிட்" வேண்டும்.

இந்தச் சோதனை ஏன் நம்பகமானது என்றால், நம் செய்து என்னும் எச்சத்துக்கும் அதே கட்டுப்பாடு இருக்கிறது. "முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின" என்கிறது தொல்காப்பியம். செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று எச்சங்களும் தம் வினைமுதலின், அதாவது அதே வேலையைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடியும். ஆங்கிலப் பார்ட்டிசிபிளின் விதி அப்படியே இங்கே இருக்கிறது.

"போது", "உடனே", "செய்ததும்" ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. யார் வினையோடும் சேரும். "வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது" நல்ல தமிழ். அதையே "கமிங் ஹோம், இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்" என்று எழுதினால் பார்ட்டிசிபிள் அந்தரத்தில் தொங்கும். ஆகவே தமிழில் "போது" வந்து எழுவாய் இரண்டாக இருந்தால் இங் ஈற்றைத் தொடவே கூடாது: "ஆஸ் ஐ வாஸ் கமிங் ஹோம், இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்."

செய்து எச்சமே வேறு எழுவாயோடு வருவதும் உண்டு. "ஞாயிறு பட்டு வந்தான்" என்ற பழைய உதாரணத்தில் பட்டது (மறைந்தது) ஞாயிறு, வந்தது அவன். இலக்கணக்காரர்கள் இதைப் "பட" என்பதன் திரிபாகக் கொள்வார்கள். இதற்கு ஆங்கிலத்தில் அப்சல்யூட் அமைப்பு இருக்கிறது: "த சன் ஹேவிங் செட், ஹீ கேம் ஹோம்." பார்ட்டிசிபிளுக்கு அதன் சொந்த எழுவாயை முன்னால் கொடுத்துவிட்டால் அது தொங்காது. "வெதர் பெர்மிட்டிங்" இதே சாதிதான். பேச்சில் கொஞ்சம் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது போலத் தெரியும். எழுத்தில் அளவாக வந்தால் அழகு.

இனி அந்தச் செருப்பு. தொல்காப்பியம் அடுத்த நூற்பாவிலேயே சினைவினைக்கு, அதாவது உறுப்பின் வினைக்கு, விலக்குத் தருகிறது. "கை இற்று வீழ்ந்தான்": இற்றது கை, வீழ்ந்தது அவன், சினையின் வினை முதலின் (உறுப்பை உடையவரின்) வினையோடு முடியலாம். இன்றும் "கால் வழுக்கி விழுந்தான்" என்று கூசாமல் சொல்கிறோம். ஒருவரும் அவருடைய உறுப்பும் உடைமையும் ஒரே ஆள் போலக் காதில் விழுந்து பழகிவிட்டது. அதனால் "ரன்னிங் ஃபார் த பஸ், ஹிஸ் செப்பல் ஸ்னாப்ட்" என்பதில் "யார்?" என்று கேட்டால் மனது உடனே "ஹிஸ்" என்பதைப் பிடித்துக்கொண்டு "அவன்தான்" என்று விடை தந்துவிடும். ஆங்கிலம் இதை ஏற்காது. ஹிஸ், ஹெர், மை, தேர் எல்லாம் பெயருக்கு முன் நிற்கும் ஒட்டுகள். அங்கே எழுவாய் "செப்பல்" மட்டுமே.

தீர்வு ஒரு பென்சில். கேள்வி கேட்பதற்கு முன் எழுவாய் இடத்தில் உள்ள உடைமைச் சொல்லை அடித்துவிட வேண்டும். "ரவீஸ் மதர்" போன்ற தொடரில் "ரவீஸ்" என்பதையும் சேர்த்து அடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் வெறும் பெயரைப் பார்த்துத்தான் "யார்?" என்று கேட்க வேண்டும். பஸ்ஸுக்கு ஓடியது செப்பலா? உடனே சிக்கிவிடும். இந்த ஒரு கோட்டுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் பலன் மலைக்கும் மடுவுக்கும்.

இந்தப் பிழை செழித்து வளரும் இடம் வேலை விண்ணப்பம். "ஹேவிங் வொர்க்ட் இன் அக்கவுண்ட்ஸ் ஃபார் சிக்ஸ் இயர்ஸ், மை எக்ஸ்பீரியன்ஸ் வில் பி யூஸ்ஃபுல் டு யுவர் கம்பெனி." "மை" என்பதை அடியுங்கள். வேலை பார்த்தது அனுபவம் என்று நிற்கிறது. "ஐ கேன் பி யூஸ்ஃபுல்" என்று தொடங்கினால் முடிந்தது வேலை. மாதிரிக் கடிதங்கள் என்று அச்சடித்து விற்கும் புத்தகங்களே இந்த வாக்கியத்தைப் பரப்புவதுதான் எரிச்சல்.

செயப்பாட்டு வினை இன்னொரு ஒளிவிடம். "பாயிலிங் த மில்க், ஷுகர் வாஸ் ஆடட்": காய்ச்சியவர் வாக்கியத்தில் எங்குமே இல்லை. இங்கே சமையற்குறிப்பின் கட்டளை நடைதான் நல்லது: "பாயில் த மில்க் அண்ட் ஆட் ஷுகர்." ஆய்வக அறிக்கையில் "யூசிங் எ பிப்பெட், 10 மில்லி ஆஃப் ஆசிட் வாஸ் ஆடட்" என்று வருவதை அறிவியல் எழுத்தில் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். என் கணக்கில் அதையும் "வித் எ பிப்பெட்" என்று மாற்றிவிடலாம், செலவு ஒன்றுமில்லை. கன்சிடரிங், ரிகார்டிங், அக்கார்டிங் டு, ஜெனரலி ஸ்பீக்கிங் ஆகியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். அவை பார்ட்டிசிபிள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று முன்னிடைச்சொல்லாகவும் (ப்ரிபொசிஷன்) நிலைத்த தொடராகவும் ஆகிவிட்டவை.

பயிற்சிக்குச் சரக்கு எங்கே என்றால், இலக்கணப் புத்தகப் பயிற்சிகள் போதாது. "பிழை திருத்துக" என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டால் கண் விழித்துக்கொள்ளும். சுற்றுலாக் கையேடு, பள்ளி ஆண்டு மலர், குடியிருப்போர் சங்கச் சுற்றறிக்கை இவற்றில்தான் நல்ல விளைச்சல். அகராதியைப் பொறுத்தவரை, ஆக்ஸ்ஃபோர்டின் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் போல, பெயருக்கு முன் மட்டும் வரும் சொற்களைக் குறித்துக் காட்டும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் பழைய பதிப்பும் இதற்குப் போதும்.

அந்த அகராதி அடுத்த கட்டத்துக்கு வேண்டும்: பெயருக்கு முன் வரும் வி-3. நம் பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்று ஆறையும் கொள்ளும். படித்த பையன், படித்த பள்ளி, படித்த புத்தகம் மூன்றும் சரி. ஆங்கில வி-3 பெரும்பாலும் செயப்படுபொருளை மட்டுமே கொள்ளும். அதனால் "மை ஸ்டடிட் ஸ்கூல்" வராது, "த ஸ்கூல் வேர் ஐ ஸ்டடிட்" என்று விரிக்க வேண்டும். செயப்படுபொருள் குன்றிய வினைகளில் "ஃபாலன் லீவ்ஸ்", "ரிட்டயர்ட் டீச்சர்" வரும். "அரைவ்ட் கெஸ்ட்ஸ்" வராது. ஆனால் "நியூலி அரைவ்ட் கெஸ்ட்ஸ்" வரும். ட்ரங்க் இருக்க ட்ரங்கன், மெல்ட்டட் இருக்க மோல்ட்டன் என்று இரட்டை உருவங்கள் வேறு. மெல்ட்டட் பட்டர், மோல்ட்டன் லாவா. மாற்றிப் போட முடியாது.

அதற்கு முன் இந்தக் கட்டத்திலேயே வாக்கியக் கடைசியில் வரும் பார்ட்டிசிபிள் பாக்கி இருக்கிறது. "ஐ சா த டெம்பிள் கிளைம்பிங் த ஹில்" என்றால் மலை ஏறுவது கோயில். "டெம்பிள்" என்பதற்குப் பின் காற்புள்ளி போட்டால் ஓரளவு "ஐ" பக்கம் திரும்பும், ஆனால் முழுதாக அல்ல. பார்ட்டிசிபிளை முன்னால் தூக்கி வைத்தால் சந்தேகமே இல்லை: "கிளைம்பிங் த ஹில், ஐ சா த டெம்பிள்." ஆனால் "ஐ சா ரவி கிளைம்பிங் த ஹில்" என்பதில் காற்புள்ளி இல்லாததே சரி, ஏறியது ரவி. இப்போதைக்கு ஸீ, ஹியர், வாட்ச், ஃபைண்ட், கேட்ச் ஆகிய ஐந்து வினைகளைத் தனித்தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் காற்புள்ளி உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.