அஞ்சலில் வரும் பல் உறைகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் அக்கா மகள் முன்பல் இடைவெளிக்காக வாங்க நினைக்கும், வீட்டிலேயே பல்லை அச்செடுத்து அனுப்பி அஞ்சலில் வரவழைக்கும், பல்லின் மேல் மாட்டி அதை நகர்த்தும் பிளாஸ்டிக் உறைகள், மருத்துவரிடம் கிளிப் போடுவதைவிட மலிவுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கத்தில் புதிதாக வளர்ந்தால்தான் பல்லின் வேர் இடம் மாறும். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறு நோயோ உள்ளே புதைந்த பல்லோ இருப்பதை யார் கண்டுபிடிப்பது? இவ்வணிகத்தில் பெரிதாக வளர்ந்த அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் விடப்பட்டார்கள். டர்பனில் ஒரு பல்சீரமைப்பு நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, தவணையில் கட்ட முடியுமா என்றும் (கூச்சப்படாமல்) கேட்கச் சொல்லியிருக்கிறேன். எந்த வழியானாலும், பிறகு ரிடெய்னர் (நகர்ந்த பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் கருவி) போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பதையும் அவளிடம் சொன்னேன்.