லாரிக்குப் போகலாமா? ஜெபத்தோடு போட வேண்டிய கணக்கு

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் ஒரு இளைஞன் "லாரிக்குப் போகலாம்னு இருக்கறன், ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சபையில் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "வேண்டாம் தம்பி, கெட்டுப்போயிருவ." மற்றொன்று, "கர்த்தர் பாத்துக்குவாரு, போ." இரண்டும் அவனுக்கு உதவாது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14-ல் இயேசு சொன்னார். அந்தக் கணக்கை லாரித் தொழிலுக்கு எப்படிப் போடுவது என்று, சபையிலும் இந்தத் தொழிலிலும் இருக்கிற நாங்கள் அறிந்தவரை எழுதுகிறோம். தொழில் நல்ல தொழில். விசுவாசத்துக்கு வருகிற சோதனையில் பெரும்பாதி, முதல் நாள் ஓனரிடம் பேசாமல் விட்டதிலிருந்து வருகிறது.

முதலில் உடம்பு. ஹெவி லைசென்ஸுக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் எடுக்கப்பட்டுவிட்டது. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டுவதற்கு முன்பே, மருத்துவச் சான்றுக்கான படிவம் 1ஏ-வை எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போய்விடுங்கள். நிறக்குருடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் கூசி, மறுபடி பார்வை தெளிய நேரமாகிறதா என்பதையும் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் இரவில் ஓடும் லைன் வேண்டாம்.

அடுத்தது எந்த லைன், அதாவது எந்த வழியில் எந்தச் சரக்கு வண்டி என்பது. சபைக்கும் குடும்பத்துக்கும் எத்தனை இரவு மிஞ்சும் என்பது இதில்தான் முடிவாகிறது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறினால் வட மாநிலங்களில் மாதக்கணக்கில் இருக்க வேண்டிவரும். சங்ககிரி லாரிகள் இந்தியா முழுக்கப் போகும். திரும்பி வர எங்கே லோடு கிடைக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. நாமக்கல் கேஸ் டேங்கருக்கு ஆபத்தான பொருள் ஏற்றுவதற்கான 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு வேண்டும். மற்ற ஹெவி லைசென்ஸ் 5 வருடம் செல்லும், இந்தப் பதிவு 3 வருடம்தான். லோடு பாயின்ட்டில் வரிசையில் காத்துக் கிடக்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். திருப்பூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர், நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்குப் போகும் முட்டை லோடு போன்றவை தூக்கத்தைத் தின்னும், ஆனால் வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடலாம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு நாங்கள் இவற்றைத்தான் சொல்லுவோம்.

இனி ஓனரோடு பேச்சு. இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

வெயிட்டிலிருந்து ஆரம்பியுங்கள். டாரஸ் என்கிற பத்து வீல் லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்ந்து 28.5 டன் என்பது 2018-க்குப் பிறகான வரம்பு. அதைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000, அதிகச் சரக்கை இறக்கும் செலவு தனி. சட்டம் ஏற்றச் சொன்னவரை மட்டும் பிடிப்பதில்லை, ஓட்டுகிறவனையும் பிடிக்கிறது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் சொல்வதை எடைமேடையில் நினைத்துக்கொள்ள வேண்டியது நம் கடமை. இன்னொரு காரணமும் உண்டு. வழியில் கைநீட்டுகிறவருக்குப் பணம் கொடுக்க வேண்டிவருவது பெரும்பாலும் ஓவர்லோடாலும் காலாவதியான பேப்பராலும்தான். வெயிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று, இ-வே பில் (சரக்குக்கான ஜி.எஸ்.டி. சீட்டு) ஆறும் சரியாக இருந்தால் "கேஸ் போடுங்க சார்" என்று நிமிர்ந்து நிற்கலாம்.

பிறகு டீசல் கணக்கு. மைலேஜ் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிற ஓனரிடம் சேர வேண்டாம். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணம், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது. நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் டிரம் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசர் நின்று, மிதிக்க மிதிக்க ஏர் இறங்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதை அடைத்து எஞ்சினால் வேகம் குறைப்பது) போட்டு, ஏர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். இப்போதைய பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிகளில் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் செலவு. இதை ஓனருக்கு எடுத்துச் சொல்லலாம். மாடியிலிருந்து யாரும் விழுந்து இரத்தப்பழி வராதபடி கைப்பிடிச்சுவர் கட்டு என்று உபாகமம் 22 கட்டளையிடுகிறது. லோடு வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்தக் கட்டளை இதுதான்.

தூக்கத்தையும் பேசிவிடுங்கள். 2025 வரை இருந்த 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றது, தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றது. நடப்பு வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்தது விடியற்காலை 2 மணி முதல் 5 மணி வரை வண்டி நிற்கும் என்றோ, இரண்டாவது டிரைவர் உண்டு என்றோ வாக்கு வாங்குங்கள். தூக்கம் போக மாத்திரை போடுகிற வண்டியில் ஜெபித்துவிட்டு ஏறுவது கர்த்தரைப் பரீட்சை பார்ப்பது.

பூஜை விஷயத்தை ஆயுத பூஜையன்று கிளப்பாமல் சேரும் நாளிலேயே மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணா, வண்டி கழுவறது, காத்து, ஆயில் எல்லாம் நான் பாத்துக்கறனுங்க. சூடம் காட்டறத மட்டும் நீங்களோ கிளீனரோ செஞ்சுக்கோங்க." பெரும்பாலான ஓனர்கள் ஒத்துக்கொள்வார்கள். வண்டியில் அவர் ஒட்டியிருக்கும் சாமி படத்தைக் கிழிக்காதீர்கள், வண்டி அவருடையது.

ஞாயிறு எல்லாம் கிடைக்காது, அதைத் தெரிந்தே இறங்க வேண்டும். திருவிருந்து ஞாயிறு ஒன்றையாவது ஊரில் இருக்கும்படி கேளுங்கள். ஆயரிடமும் சொல்லி வையுங்கள். மற்ற வாரங்களில் ஆள் காவல் உள்ள பங்க்கில் வண்டியை விட்டுவிட்டு, பக்கத்து ஊர்ச் சபைக்குப் போய்வர முடியும்.

மனைவியிடம் கேட்பதைக் கடைசிக்கு விடுகிறார்கள். அது முதலிலேயே நடக்க வேண்டும். சம்பளமா, டிரிப்புக்குப் பங்கா, தினப்படி எவ்வளவு, டயர் வெடித்தால் யார் தலையில் என்று எல்லாவற்றையும் அவர் முன்னால் எழுதிக்கொள்ளுங்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாமக்கல் மாவட்டத்தை எச்.ஐ.வி. எப்படி வாட்டியது என்பதை இங்கே பல குடும்பங்கள் மறக்கவில்லை. கற்பைப் பற்றி சபையில் வெளிப்படையாகப் பேச வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அங்கே போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தால் நின்று 108-ஐ அழையுங்கள். உதவுகிறவர் மேல் வழக்கு வராதபடி மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் பாதுகாப்புத் தருகிறது; பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் வண்டியே மோதியிருந்தால் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்து, போலீசுக்குத் தகவல் கொடுப்பது சட்டப்படி உங்கள் பொறுப்பு. கூட்டம் அடிக்க வந்தால் உயிரைக் காத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போங்கள்.

இவ்வளவும் பேசிய பிறகு, லைசென்ஸுக்குப் பணம் கட்டும் முன், தெரிந்த விசுவாசி ஒருவருடைய வண்டியில் ஓனர் சம்மதத்தோடு ஒரு டிரிப் போய் வாருங்கள். தார்பாய் கட்டுவது, ஸ்டெப்னி மாற்றுவது, லோடு கிடைக்காமல் காத்திருப்பது எல்லாவற்றையும் பாருங்கள். திரும்பி வந்த வாரத்தில் மனைவியோடும் ஆயரோடும் உட்கார்ந்து முடிவு எடுங்கள். தூர லைன் வேண்டாம் என்று வந்தால் கோவை, திருப்பூர் மில் வண்டிகளும் உள்ளூர் டெலிவரி வண்டிகளும் இருக்கின்றன; கையில் இருக்கிற கார் லைசென்ஸே சின்ன சரக்கு வண்டிக்குப் போதும்.