டிராஃப்டிலேயே கிடக்கும் ராஜினாமா

மூன்று வாரமாக ஒரு மெயில் என் போனில் டிராஃப்டாகவே கிடக்கிறது. இரண்டு வரிதான். சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுகிறேன், நோட்டீஸ் பீரியடை முடித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். தினமும் ராத்திரி எடுத்துப் பார்ப்பேன், ஒரு கமாவை இங்கிருந்து அங்கே நகர்த்துவேன், மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன்.

காரணம் கேட் (CAT) தேர்வு. ஐஐஎம் என்கிற மேலாண்மைக் கல்லூரிகள் எம்.பி.ஏ.வுக்கு நடத்துகிற நுழைவுத் தேர்வு. தமிழில் எழுதினால் எம்.டெக்.குக்கான கேட்டும் (GATE) இதே இரண்டெழுத்துதான், அதனால் மஞ்சக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமா நான் எம்.டெக். சேரப் போவதாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. திருத்தினால் "அப்போ வேலை?" என்பார்.

வேலை புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், குவாலிட்டி பிரிவு. நான்கு வருஷம் ஆகப்போகிறது. கடலூரிலிருந்து தினமும் பஸ். போகும்போது உட்கார இடம் கிடைத்தால் கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று அரியாங்குப்பம் வருவதற்குள் போனிலேயே இரண்டு ஆங்கிலப் பத்திகள் படித்துவிடலாம். திரும்பும்போது முள்ளோடை வரைக்கும்தான் படிப்பு. அங்கே 'தீர்த்தம்' முடித்த கூட்டம் ஏறும், அப்புறம் கடலூர் வரை அவர்கள் குடும்பக் கதைதான். ஒருநாள் நான் ஒரு வரைபடக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்தவர் தோள்மேல் சாய்ந்து, "தம்பி, ஷேர் ஏறுதா எறங்குதா?" என்றார். எறங்குது என்றேன். பொய்யில்லை, முந்தின ஞாயிறு எழுதிப் பார்த்த மாக் டெஸ்டில், அதாவது மாதிரித் தேர்வில், என் மதிப்பெண் அப்படித்தான் இறங்கியிருந்தது.

தேர்வு 2 மணி நேரம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்ததற்கு எடுத்துப்போக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறாகத் தேர்ந்தெடுத்தால் 1 போகும். நான் அடிவாங்குவது நடுப்பகுதியில். எட்டுப் பேர், நான்கு ஊர், மூன்று பஸ், யார் எந்த பஸ்ஸில் எந்த ஊருக்குப் போனார் என்கிற மாதிரி ஒரு செட்டைப் பிடித்து 26 நிமிடம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். விடவும் மனசில்லை. நான்கு கேள்வியில் இரண்டு தப்பு.

சரி, முழுநேரமாகப் படித்தால் இது சரியாகிவிடும் என்றுதான் அந்த மெயிலை எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு புத்தி வந்தது, ஜூலையில் மிச்சமிருந்த 9 நாள் லீவைப் போட்டு, வேலையை விட்டவன் மாதிரியே வீட்டில் இருந்து பார்த்தேன். டயரியில் மணிக்கணக்கும் எழுதினேன். முதல் நாள் 7 மணி நேரம், பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் கேஸ் சிலிண்டர் வந்தது, ரேஷன் கடைக்கு நான்தான் போனேன். மூன்றாம் நாள் நெல்லிக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்க அம்மாவை வண்டியில் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை, வீட்டில் இருக்கிறவன் சும்மா இருக்கிறவன் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். 9 நாளில் மொத்தம் 29 மணி நேரம். வேலைக்குப் போன ஒரு 9 நாளைப் பழைய பக்கத்தில் புரட்டிக் கூட்டினால் 20. ஆக, நாளுக்கு 1 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்க நான் மாதம் 31,000 ரூபாயை விடப்போகிறேன்.

இன்னொரு கணக்கையும் போடாமலே இருந்திருக்கிறேன். எனக்கு நோட்டீஸ் 60 நாள். இப்போது ஆகஸ்ட். இன்று அனுப்பினால் அக்டோபரில்தான் விடுவார்கள், தேர்வோ பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறு. கையில் ஆறேழு வாரம். அதுவும் கடலூரில் ஐப்பசி, கார்த்திகை. 2024-இல் கேட் நவம்பர் 24-இல் நடந்தது, ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-இல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. ஆறு நாள் முந்தியிருந்தால் என்னவாகியிருக்கும்?

கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தன் வேலையை விட்டுவிட்டுத்தான் படித்தான், இரண்டாவது முறை நல்ல இடத்தில் சேர்ந்தும்விட்டான். கேட் மதிப்பெண் அந்த வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான், தவறினால் மறுபடி நவம்பர் வரை காத்திருக்கணும். அவனிடம் கேட்டேன். "விடாதேன்னு சொல்லமாட்டேன்டா. போன் ரீசார்ஜுக்கு அப்பாகிட்ட காசு கேக்க முடியுமான்னு மட்டும் பாத்துக்கோ" என்றான். இன்டர்வியூவில் அந்த இடைவெளியைப் பற்றி அவனை நோண்டி நோண்டிக் கேட்டார்களாம். சேர்ந்த பிறகு ஃபீஸ் வேறு, அகமதாபாத் ஐஐஎம்மில் இரண்டு வருஷத்துக்கு 25 லட்சத்துக்கு மேல். அதை நினைக்கும்போது என் சேமிப்பை இப்போதே கரைப்பது கொஞ்சம் முட்டாள்தனமாகத் தெரிகிறது.

ஆனால் டயரியில் வேறொன்றும் கண்ணில் பட்டது. நைட் ஷிஃப்ட் வாரங்களில் பக்கம் வெறுமையாக இருக்கிறது. மூன்று வாரத்தில் ஒரு வாரம் மொத்தமாகப் பூஜ்யம். என்னைக் கொன்றுகொண்டிருந்தது அதுதான், நான் என்னவோ வேலையையே திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வியாழன் மேனேஜரிடம் போய் நின்றேன். கேட் என்று சொல்லவில்லை, பரீட்சை எழுதுகிறேன், நவம்பர் வரைக்கும் ஜெனரல் ஷிஃப்ட் கிடைக்குமா சார் என்றேன். அவர் லைன் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே, "நைட் அலவன்ஸ் போயிடும், பரவால்லியா?" என்றார். மாதம் 2,400 ரூபாய். பரவாயில்லை என்றேன். செப்டம்பரிலிருந்து மாற்றுகிறார்கள்.

மெயிலை இன்னும் அழிக்கவில்லை. இந்த ஞாயிறு காலை எட்டரைக்கு மாக் டெஸ்ட். பத்தரை வரை நான் வீட்டில் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இருக்கப்போவது உள் அறையில்தான் என்றாலும்.